கூடைக்குள் சொன்ன சொல்

நான் கவிதை எழுதத் தொடங்கியது பருப்புச் சுருளிலிருந்து. இதை மேடையில் சொன்னால் சபை சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும், நடந்தது அதுதான்.

இலங்கையின் தேயிலை மலையில், அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் நாங்கள் சாமான் வாங்கும் கடைக்கு முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன் முறைதான். ஹட்டனில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது பழைய புத்தகக் கட்டு ஒன்றை வாங்கி வந்து, தாள் தாளாகக் கிழித்துச் சாமான் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பருப்பைத் தகரத்தில் கொட்டிவிட்டுத் தாளை விரித்தேன். ஒரு சொல்லுக்கு எட்டுப் பத்து அர்த்தம் வரிசையாக அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே அதே சொல்லிலிருந்து கிளைத்த சொற்கள். 'தொடு' என்று தொடங்கி, தொடக்கம், தொடர், தொடர்பு என்று போய்க்கொண்டே இருந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொற்களுக்கும் தாய், பிள்ளை, ஒன்றுவிட்ட சொந்தம் எல்லாம் உண்டு என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. பருப்பு வெந்துவிட்டது என்று அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் எனக்குக் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் ஆளாகக் கடைக்குப் போய் நின்றேன். கையில் கிழிக்கத் தயாராக அந்தப் புத்தகத்தை வைத்திருந்தார் நானா.

"அதக் கிழிக்காதீங்க நானா."

"கிழிக்காம? பருப்ப உன்ட கையிலயா கொட்டச் சொல்ற?"

"கையிலயே கொட்டுங்க."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு மிச்சத்தைச் சணல் கயிற்றால் கட்டி என் பக்கம் தள்ளினார். "கொண்டு போ புள்ள. படிச்சு முடிஞ்சா திருப்பித் தா, சுத்துறதுக்கு ஆகும்" என்றார். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அது ஓர் அகராதி. ஆனால் எனக்குக் கிடைத்தது அதில் பின்பாதிதான். 'அ'விலிருந்து 'த' வரைக்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து கறி வைத்துத் தின்று தீர்த்திருந்தன. ஆகவே நான் பாதி எழுத்துக்குக் கவிஞர். ஆரம்பத்தில் எழுதியதெல்லாம் ந, ப, ம, வ என்றுதான் தொடங்கும். அன்பு, ஆசை, காதல் என்று மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நான் நிரையையும் முகட்டையும் வேரையும் எழுதிக்கொண்டிருந்ததற்கு வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

என் முறை மிகவும் எளிது. ஒரு சொல்லை எடுப்பேன். அதன் சொந்தக்காரச் சொற்களை எல்லாம் கொப்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவேன். பிறகு அவற்றில் எது எது எங்கள் தோட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். முகம், முகப்பு, முகடு மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்தபோது, ஐந்தாம் நம்பர் மலையின் முகட்டைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது. அதை எழுதினேன். சில வேளை பொறுமை இல்லாமல் நானே சொந்தம் உண்டாக்கியதும் உண்டு. வேரும் வேர்வையும் ஒரே குடும்பம் என்று நானாகவே கல்யாணம் முடித்து வைத்து நாற்பது வரி எழுதினேன். பின்னாளில் படித்தவர்கள் அது தப்பு என்றார்கள். இருக்கலாம். மலையில் கொழுந்தெடுத்துப் பார்த்தவர்களுக்கு அது தப்பாகத் தோன்றாது.

காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டு என்ற சொல்லைத் தேடினேன், இல்லை. நாங்கள் கொழுந்து நிறுக்கும் மடுவமும் இல்லை. காலையிலிருந்து அந்தி வரைக்கும் எங்கள் வாயில் புழங்கும் சொற்களில் பாதி அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. அது எனக்குக் கோபமாக இருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி நாட்டில் எங்களுக்கு ஓட்டில்லாமல் செய்தபோது நான் கைப்பிள்ளை. அதனால் அந்தக் கோபம் எனக்குச் சொந்தக் கோபம் இல்லை, கேட்டு வளர்ந்த கோபம். அகராதியிலும் எங்களுக்கு இடம் இல்லை என்பதுதான் நானாகவே கண்டுபிடித்த முதல் கோபம்.

அப்படி இருந்தபோதுதான் 'பொலி' கிடைத்தது.

கொழுந்தெடுக்காதவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்புவார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை. நிரை பிடித்து நின்றதும் உடனே கூடையில் கொழுந்து போடமாட்டோம். தலை நிரையில் நிற்கிறவள் முதல் பிடியைக் கிள்ளித் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் போட்டு, "பொலி, பொலி, பொலி" என்று சத்தம் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் "பொலியோ பொலி" என்று சொல்லிக்கொண்டு தங்கள் முதல் பிடியைப் போடுவார்கள். கைராசியான, புருஷன் பிள்ளைகளோடு நல்லபடியாக இருக்கிற ஒரு பெண்ணைத்தான் தலை நிரையில் விடுவது வழக்கம். அவள் வாய் அந்த நாளின் கொழுந்துக்கு, கூட்டத்தின் உடம்புக்கு, வீட்டில் விட்டுவந்த குழந்தைகளுக்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்வதாக எங்களுக்கு நம்பிக்கை.

என் அம்மா பல வருஷம் தலை நிரை பிடித்தவள். ஒன்பது வயதில் கூடை மாட்டியவள், கல்யாணமான அடுத்த மாதமே தலை நிரைக்குப் போனாள். அவள் குரல் பக்கத்து மலைக்குக் கேட்கும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அப்பா காய்ச்சலில் கிடந்து ஒரு வாரத்தில் போய்விட்டார். கருமாதி முடிந்த மறுநாள் அம்மா வேலைக்குப் போனாள். கூட்டத்துக்குப் பொறுப்பான கங்காணி அவளை ஒன்றும் சொல்லவில்லையாம். தலை நிரையைக் காட்டும்போது அம்மாவைப் பார்க்காமல் அடுத்து நின்றவளைப் பார்த்தாராம். அம்மா ஒரு நிரை தள்ளி நின்றுகொண்டாள். அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை, யாரும் அழவில்லை. இதை எனக்குச் சொன்னதும் அம்மா இல்லை, அடுத்து நின்றவள்தான்.

அந்த அடுத்து நின்றவள் எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்தவள். அம்மாவை அக்கா என்பாள், எனக்குச் சித்தி முறை. அப்போது அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது, புதுப்பெண். அவளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. அக்கா நின்ற இடத்தில் நிற்கக் கால் கூசுகிறது என்று அம்மாவிடமே வந்து சொன்னாள். "நின்னுதான் ஆகணும், யாராவது ஒருத்தி நிக்கத்தானே வேணும்" என்று அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

பதினாலு வயதில் எனக்கும் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தார்கள். சித்திக்கு அடுத்து அம்மா, அம்மாவுக்கு அடுத்து நான் என்று நிரை விழுந்தது. முதல் நாள் காலை எனக்குக் கூடைக் கயிறு நெற்றியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அதைச் சரி செய்யக் குனிந்தபோது பக்கத்தில் அம்மாவின் குரல் கேட்டது. சித்தி இன்னும் சத்தம் கொடுக்கவில்லை. அம்மா தன் முதல் பிடியைக் கிள்ளி, கழுத்தைத் திருப்பிக் கூடையின் வாய்க்குள் முகத்தைக் கொண்டுபோய், யாருக்கும் கேட்காத குரலில் "பொலி, பொலி, பொலி" என்றாள். பிறகு நிமிர்ந்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி சித்தியின் சத்தத்துக்குக் காத்து நின்றாள்.

"என்னம்மா சொன்ன?"

"வாய மூடிக்கிட்டுக் கொழுந்தெடு."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். மழையில் படங்கைப் போர்த்திக்கொண்டு நின்ற நாளிலும் அவள் அதை விடவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. அது யாரிடமும் சொல்லக்கூடாத சங்கதி என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்ததற்குத் தெரியாமல் செய்தேன் என்ற சாக்கு எனக்குக் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து, பதினாறு வயதில், அகராதியின் 'பொ' பக்கத்துக்கு வந்தேன். பொலி என்றால் களத்தில் அடித்துத் தூற்றாமல் குவித்த நெல் என்று போட்டிருந்தது. நெல் அளக்கும்போது வாழ்த்தாகச் சொல்லும் சொல் என்றும் இருந்தது. கீழே பொலிதல், பொலிவு, பொலிக என்று அதன் பிள்ளைகள். எங்கள் மலையில் ஒரு நெல்மணி கிடையாது. எங்கள் லயத்தில் நெற்களத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். யாரோ ஒருத்தி களத்துமேட்டில் சொன்ன சொல்லை வாயில் வைத்துக்கொண்டே கப்பல் ஏறி, மலை ஏறி வந்து, குவிக்க நெல் இல்லாததால் தேயிலைக்குச் சொல்லியிருக்கிறாள். அகராதியில் எங்களுக்கு இடம் இல்லை என்று கோபித்துக்கொண்டிருந்த எனக்கு, இதோ நாம் இருக்கிறோம் என்று யாரோ கூப்பிட்டுக் காட்டிய மாதிரி இருந்தது. நான் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். களம் வந்தது, கப்பல் வந்தது, மலை வந்தது. சொற்கள் எல்லாம் குடும்பமாகச் சேர்ந்து நின்றன. ஆனால் கவிதை முடியவில்லை. எங்கே நிறுத்தினாலும் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி நின்றது. அம்மா வாசலில் உட்கார்ந்து என் கூடையின் கிழிந்த விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். முடிவு கிடைத்துவிட்டது. கடைசி வரிகள் இவை:

பொலிவு அதன் பிள்ளை, பொலிதல் அதன் பிள்ளை,
தாலி இழந்தவள் வாய்க்கு மட்டும்
அது தாயில்லை என்றார்கள்.
என் அம்மா எவரையும் கேட்கவில்லை.
எல்லாரும் வாய் திறக்குமுன்
கூடைக்குள் முகம் புதைத்து
மூன்று முறை சொல்லிக்கொள்கிறாள்.

எழுதி முடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றும் மறைக்க விரும்பவில்லை. இவ்வளவு நல்லதாக நான் அதற்குமுன் எழுதியதில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டினால் அனுப்ப விடமாட்டாள் என்று தெரியும். கொழும்பில் ஒரு பத்திரிகை ஞாயிறுதோறும் கவிதைகள் போட்டது. தோட்டத்துத் தபால்காரரிடம் மறுநாளே கொடுத்துவிட்டேன், என் பேரையும் தோட்டத்தின் பேரையும் முழுசாக எழுதி. வேறு பேர் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேர் வர வேண்டும் என்றுதானே அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து அச்சில் வந்தது. எனக்குத் தெரியாது. முதலில் பார்த்தவர் கடை நானா. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பத்திரிகையை மடித்து, கடைக்கு வந்த எங்கள் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். கணக்கப்பிள்ளை நல்ல மனுஷன், கொஞ்சம் பாட்டும் பாடுவார். திங்கட்கிழமை பத்து மணிக் கொழுந்து நிறுக்க மடுவத்தில் நாங்கள் வரிசையாக நின்றபோது, தராசை நிறுத்திவிட்டுப் பத்திரிகையை எடுத்தார்.

"எல்லாரும் சத்தம் போடாம கொஞ்சம் கேளுங்க. நம்ம தோட்டத்துப் புள்ள பேப்பர்ல பாட்டு எழுதியிருக்கு."

என் பேரைச் சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அப்பா போனபிறகு நான் கண்டதில்லை. கணக்கப்பிள்ளை நிறுத்தி நிறுத்தி, ராகம் இழுத்து வாசித்தார். களத்துமேட்டு வரிகளுக்கு வயதான பெண்கள் தலையாட்டினார்கள். கப்பல் வந்த இடத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். நான் மட்டும் மனதுக்குள் கடைசி வரிகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். இன்னும் எட்டு வரி, இன்னும் ஆறு வரி. பத்திரிகை ஆசிரியர் கடைசியில் எதையாவது வெட்டியிருக்கக் கூடாதா என்று மாரியம்மாவை வேண்டினேன். அவர் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை.

வாசித்து முடித்துக் கணக்கப்பிள்ளை சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார். தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவருக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை, பாவம். அம்மா தன் கூடையை இறக்கித் தராசில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். சித்திக்கு அந்த நாலு வருஷத்தில் இரண்டு பிள்ளை தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது. மற்றது பிறந்து பதினோராம் நாள் போனது. அம்மாதான் அதைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தாள். இரண்டாவது பிள்ளை போய் அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. கவிதை எழுதும்போது எனக்கு இது நினைவில் வரவே இல்லை. சொற்களின் உறவை எல்லாம் கணக்குத் தப்பாமல் தேடியவளுக்குப் பக்கத்துக் காம்பரா மறந்துபோனது.

சித்தியின் மாமியாருக்கு மறக்கவில்லை. அன்று சாயங்காலமே பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். கத்தவில்லை, அம்மாவைப் பேர் சொல்லித் திட்டவும் இல்லை. "எம்மருமக சொல்றதுக்கு முன்ன தாலியறுத்த வாய் சொல்லியிருக்கு. அப்புறம் வயித்துல எப்புடித் தங்கும்?" என்று தண்ணீர் பிடிக்க வந்த ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். மறுநாள் மலையில் நிரை பிடித்தபோது மற்றப் பெண்கள் அம்மாவைவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நின்றார்கள். எனக்கு அந்தப் பக்கத்து நிரைக்காரி அம்மாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வெற்றிலையைக் கொடுக்கவில்லை. அம்மா அந்த வாரம் முழுக்கக் கூடைக்குள் குனியவில்லை. நேராக நின்று, மற்றவர்கள் போட்ட பிறகு தன் பிடியைப் போட்டாள். வீட்டில் என்னிடம் ரொட்டி வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் பேசினாள். அவள் என்னை நாலு அடி அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கங்காணியிடம் மாமியார் முறையிட்டாள். கோயிலில் வைத்துக் கேட்க வேண்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் வழக்குக் கிடையாது. சாமி முன்னால் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால் அதோடு சரி, அப்புறம் யாரும் அதைப்பற்றிப் பேசக்கூடாது. பேசினால் பேசினவளுக்குத்தான் கேடு.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்த கங்காணி எங்கள் வாசலில் நின்று, அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பாட்டுன்னா நாலும் கற்பனையா எழுதுறதுதானே. நீ சூடத்த அணைச்சு, நாந்தான் இல்லாதத எழுதிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. ஒங்கம்மா நிரை அவளுக்கே இருக்கும். கெழவி வாயையும் மூடிரலாம்."

எனக்கு அது வரம் மாதிரி இருந்தது. எழுதின கையாலேயே அழித்துவிடலாம். என் கவிதை பொய்யாகப் போனால் போகட்டும், அம்மா அவளுடைய இடத்தில் நின்றால் போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். எங்கள் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மாமியார் முன்னால் நின்றாள். சித்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் தூணோடு நின்றாள். அம்மா எனக்குப் பக்கத்தில். என்னைச் சத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றினார். கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "புள்ள எழுதினது நெசமா, கற்பனையா? சாமி முன்னால அதுவே சொல்லட்டும்" என்றார். நான் வலது கையை நீட்டினேன். சூடம் சுடுமே என்ற பயம்கூட இல்லை. உள்ளங்கையில் சூடு பட்ட நேரம் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எம்புள்ள பொய் சொன்னேன்னு ஆத்தா முன்னால சொல்ல வேணாம்" என்றாள். "அது எழுதினது நெசந்தான். நான் சொன்னேன்."

"நீ பேசாம இரும்மா" என்றார் கங்காணி.

"நாலு வருஷமாச் சொல்றேன் கங்காணி ஐயா. மொத பிடி விழுகுறப்ப சொல்லிப் பழகின வாய். அவரு கருமாதி முடிஞ்ச மறுநாளு நிரையில நின்னப்ப, சொல்லாமப் போட்டா கொழுந்து செத்துப் போன மாதிரி இருந்துச்சு. அதான் சொன்னேன். சத்தமாச் சொல்லல. யாரு இடத்தையும் நான் எடுத்துக்கல." பிறகு மாமியாரைப் பார்த்தாள். "அந்தப் புள்ளையக் கையில வாங்கினவ நான். அது நல்லா இருக்கணும்னுந்தான் சேத்துச் சொன்னேன். நீங்க நம்பினா நம்புங்க."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. கங்காணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் போட்ட வழி எல்லாம் வீணாகிவிட்டது. இனி அவர் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் சொல்வதற்குமுன் அம்மாவே சொன்னாள்.

"திங்கக்கெழமையில இருந்து என்னயப் புல்லு வெட்டுற கூட்டத்துல போட்டுருங்க."

அம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயதோ என்னவோ. கொழுந்தில் அவளுக்கு ஈடாக எங்கள் கூட்டத்தில் ஆள் கிடையாது. புல் வெட்டுவது கைக்கு வேகம் குறைந்த கிழவிகளுக்கு ஒதுக்கிய வேலை. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, நான் பத்திரிகைக்கு எழுதி அது கற்பனை என்று போடச் சொல்கிறேன் என்றேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "கோயில்லயே வேணாம்னு சொன்னேன், பேப்பர்ல எதுக்கு?" என்றாள். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருந்த. அந்தக் கப்பல் வர்ற எடம்" என்றாள். அதற்குமேல் அந்தக் கவிதையைப்பற்றி அவள் சாகும்வரைக்கும் பேசவில்லை. மன்னித்தாளா என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வாள், அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் அம்மாவைக் கிழவிகளோடு வேறு மலைக்கு அனுப்பினார்கள். கையில் சுரண்டியோடு அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நான் என் கூட்டத்தோடு ஏறினேன். நிரை பிடித்தோம். தலை நிரையில் சித்தி. அதற்கு அடுத்த நிரையில் ஆள் இல்லை, யாரையும் அதில் விடக் கங்காணிக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அதற்கு அடுத்து நான். காலி நிரைக்கு அந்தப் பக்கம் நின்ற சித்தியிடம், "சித்தி, என்னாலதான் எல்லாம். நீங்களாவது என்னயத் திட்டுங்க" என்றேன்.

அவள் திட்டவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு மொத நாள்ல இருந்தே தெரியும்டி. பக்கத்து நிரையில நிக்கிறவளுக்குக் காது கேக்காதா? நீ வேலைக்கு வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்ன இருந்தே கேக்குறேன். அப்ப அக்காவுக்கு அந்தப் பக்கம் நின்னவளுக்கும் தெரியும். கங்காணிக்கும் தெரியும், அந்த நேரம் வேணும்னே அங்கிட்டுத் திரும்பிக்கிருவாரு. அக்கா சொல்லிட்டுப் போறாங்க, அதுல யாருக்கு என்னா நட்டம்னு நாங்க கேட்டும் கேக்காத மாதிரி இருந்தோம். எங்க மாமியா காதுல விழாம நான் எவ்வளவு பாத்துக்கிட்டேன் தெரியுமா? எம்புள்ள போனதுக்கு அக்காவ நான் ஒரு நாளும் நெனச்சதில்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ பேப்பர்ல போட்டுட்ட. மடுவத்துல வச்சு அத்தன பேருக்கும் வாசிச்சாச்சு. இனி எப்புடிடி கேக்காத மாதிரி இருக்கிறது?"

அந்தச் சொல் களத்திலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து மலைக்கு வந்த வழி எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அது எங்கள் மலையில் யார் யார் சேர்ந்து பொத்திவைத்ததால் அம்மாவின் வாயில் இருந்தது என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

கீழேயிருந்து கங்காணி "என்னா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று குரல் கொடுத்தார். சித்தி முதல் பிடியைக் கிள்ளினாள். கூடைக்குள் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்துக் காலி நிரையின் பக்கம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். ஒருத்தி மூன்று முறை சொல்லி முடிக்கும் அளவு நேரம். அதற்குப் பிறகுதான் சத்தம் கொடுத்தாள்.